வெட்டிப்பயல் மரம்

பூத்துப் பூத்து ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை என்றால் ஒரு மரத்துக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? கிணற்றடியில் நின்ற பெண் பப்பாளிக்கு இருப்பே கொள்ளவில்லை. காலையில் தோட்டக்காரர் அரிவாளைத் தீட்டிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்திருந்தார்.

"என்னைப் பாருடி, காலடியிலேயே கன்று விட்டுட்டேன். யார் தயவும் வேணாம்," என்றாள் வாழை. "உனக்கு ஆண் மரத்துப் பூந்தூள் வேணும். பக்கத்துல நின்னவனை வெட்டினப்ப, காய்க்காத வெட்டிப்பயல்னு நீயும்தானே சேர்ந்து சிரிச்சே?"

பப்பாளியின் இன்னொரு பூவும் உதிர்ந்தது. அந்தியில் அந்துப்பூச்சி வந்ததும் அவசரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எந்த வேலியோரமாவது காய்க்காத பப்பாளி ஒருத்தன் நின்னா, அரிவாள் வர்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட கொஞ்சம் தூள் வாங்கிட்டு வாங்களேன்."