பெரியமுத்துவின் முதுகுக் கம்பி

அளவு பார்க்க எடுக்கும் முதல் படம் திரையில் விழுந்ததும், ஸ்கேன் எடுக்கும் செல்வப்பிரியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு கம்பிகள். ஆறு திருகாணிகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சி.டி. ஸ்கேன் மேஜையில் படுத்திருந்தவர் பெரியமுத்து. சித்தூர்ப் பக்கம் கள் இறக்கிக்கொண்டிருந்தவர். நாலு வருடத்துக்கு முன் தென்னையிலிருந்து விழுந்து, கம்பி வைத்த பிறகுதான் எழுந்து நடந்தார். இப்போது மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் வேலை.

விழுந்த வருடத்தில் மட்டும் ஐந்து ஸ்கேன் எடுத்திருந்தார்.

இன்று வந்தது விலாவைச் சுருட்டிப் பிடிக்கும் வலிக்காக. சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று சந்தேகம். முந்தாநாள் எடுத்த எக்ஸ்ரேயில் கம்பி மறைத்து ஒன்றும் தெரியவில்லை.

எந்திரம் தானாகவே கதிர்வீச்சின் அளவைச் சொன்னது. அவர் உடம்புக்கு வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எந்திரத்தின் மேல் குற்றமில்லை. உள்ளே இருப்பது கம்பி என்று அதற்குத் தெரியாது. கதிர் நுழையத் திணறும் இடத்தைப் பார்த்தால் ஆள் பருமன் என்று நினைத்துக் கூட்டிவிடும். அப்படியே பொத்தானை அழுத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

பெரியமுத்து ஐம்பத்தெட்டுக் கிலோ. வயது முப்பத்தாறு.

செல்வப்பிரியா தானியங்கி முறையை நிறுத்தினாள். எடையைப் பார்த்து அளவைத் தானே குறைத்தாள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். கல் தெரியாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். அவருக்கு இரண்டு தரம் கதிரைக் கொடுத்த பாவம் தன்னைச் சேரும். கல் பார்க்க அது போதும் என்று டாக்டர் ஜோஜோ போனில் சொல்லியிருந்தார். ஆனாலும் அளவை இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள்.

எந்திரம் சுழன்று நின்றது.

கம்பிகளைச் சுற்றிக் கறுப்புக் கீற்றுகள். அவற்றைத் தாண்டி, இடது பக்கச் சிறுநீர்க் குழாயில், வெள்ளையாக ஒரு பொட்டு. நாலு மில்லிமீட்டர்.

டாக்டர் பார்த்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்தால் தானாகவே இறங்கிவிடும் என்றார்.

செல்வப்பிரியா உள்ளே போய்ச் சொன்னபோது பெரியமுத்து முகம் மலர்ந்து சிரித்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. சட்டையின் கடைசிப் பொத்தானை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கதிரு என்ர கம்பிக்குள்ள எத்தன நாளைக்குங்க நிக்கும்?"

"ஒரு நொடி கூட நிக்காதுங்ணா. மெசின் நின்னா அதுவும் போச்சு."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் வருகிறவர்கள் மேல் அடிக்காதா என்று கேட்டார். அடிக்காது என்றாள். எக்ஸ்ரேயில் வாங்கினது? அதுவும் அப்போதே போயிற்று என்றாள்.

பெரியமுத்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வாசலுக்குப் போகாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மேலே பிரசவ வார்டு. நேற்று விடிகாலையில் பிறந்த மகளை அவர் இன்னும் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருந்தார்.