பின் சீட்டின் பாரம்

“ஏங்க, இது காரா, மாங்கா லோடு வண்டியா? பள்ளத்துல இறங்குனா இடுப்பே கழண்டுடுது” என்பாள் ரூபா, பின்னாலிருந்து.

“அடுத்த மாசம் ஷாக் அப்சார்பர் மாத்திடலாம், கொஞ்சம் பொறு” என்பார் முனிராஜ்.

ரூபா இறந்துபோன பிறகுதான், தொரப்பள்ளி ரோட்டு ஒர்க்ஷாப்பில் அந்தப் பழைய அம்பாசடருக்கு ஏர் ஷாக் போட்டார். பின்னால் ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால், டிக்கியில் இருக்கும் கம்ப்ரசர் தானாக ஓடிக் காற்றடித்துத் தூக்கிவிடும்.

மெக்கானிக் மாதேஷ் பின் சீட்டில் ஏறினான். கம்ப்ரசர் முனகியது, வண்டி நிமிர்ந்தது. “என் தொப்பையையே தூக்குது பாருங்கண்ணா!” என்று சிரித்தபடி இறங்கிக் கதவைச் சாத்தினான். கூடுதல் காற்று வெளியேறி வண்டி பழைய மட்டத்துக்கு வந்து நின்றது.

முனிராஜ் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தார். ஆளில்லாத பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. கம்ப்ரசர் ஓடியது. வண்டி நிமிர்ந்தது.

மாதேஷ் காற்றுக் குழாய் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தான். “லீக் எங்கயும் இல்லீங்கண்ணா. யாரோ ஏறுன மாதிரியில்ல இருக்குது!”

கல்யாணமான புதிதில் முன் சீட்டு முனிராஜின் அம்மாவுக்கு. அம்மா காலமான பிறகும் ரூபா பழக்கத்தில் பின்னால்தான் ஏறினாள். பக்கத்தில் வரச்சொல்ல அவருக்கு ஒவ்வொரு முறையும் ஆசைதான். கூச்சத்தில் வாய் வரவில்லை.

முனிராஜ் கையை நீட்டி இடது பக்க முன்கதவைத் திறந்தார்.

“முன்னாடி வந்து உக்காரு, ரூபா.”