பங்குனிப் பனி

பாத்தியின் மேல் சேலை விரித்திருந்தது.

அவர் விரிக்கவில்லை.

படலையைத் திறந்த கை அப்படியே நின்றது. கக்கத்தில் நான்கு பழைய சேலைகள். மனைவியின் அலுமாரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தவை. படுக்கப்போகும்போது கைப்பேசி, காலையில் வெப்பநிலை ஐந்து பாகை என்றது. விழித்துப் பார்த்தபோது பூச்சியத்துக்குக் கீழே நான்கு. சாரத்துக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். எழுபது வயது ஓட்டம். பார்த்தவர்கள் நடை என்றுதான் சொல்வார்கள்.

பிந்தி வருவது அவருக்குப் புதிதல்ல.

லண்டன் ஓரத்தில் நகரசபை வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள். நாற்பது துண்டும் வெள்ளை பூசிக் கிடந்தன. யாரோ ஆசைப்பட்டு வளர்த்த உருளைக்கிழங்குத் துளிர்கள் விறைத்துப்போய் நின்றன.

நேற்று இதே இடத்தில் வெயில். முந்தநாள் ஆலங்கட்டி. இந்த ஊர்ப் பங்குனி காலையில் சொன்னதை மாலையில் மறுக்கும்.

நேற்றைய வெயிலைக் கண்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறை யன்னலில் தயிர்க் கோப்பைகளில் முளைக்கவைத்த கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். ஏழு பயித்தங்காய்க் கன்றுகள்.

பக்கத்துத் துண்டுக்கார யோகன் வேலிக்கு அப்பால் நின்று தலையை ஆட்டினான்.

"அண்ணை, இந்த வெயில் பல்லைக் காட்டுது. நம்பாதேங்கோ. வைகாசி பிறக்கட்டும்."

"தைப்பனி தரையைத் துளைக்கும். மாசிப்பனி மச்சைத் துளைக்கும். பங்குனிக்கு ஏதடா பனி?"

"அது ஊரிலயண்ணை."

பழமொழி மாசியோடு நின்றுவிடுகிறது. அவரும் அதோடு நின்றுவிட்டார்.

அந்த ஏழுதான் மிச்சம். இடம்பெயர்ந்த நாளில் மனைவி நேசம் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதையின் வழி. வருடா வருடம் காயவைத்து, மருந்துக் குளிசை தீர்ந்த வெறும் போத்தலில் போட்டு வைப்பாள். போன வருடம் நோயோடு நோயாக அவள் எடுத்துவைத்தது ஏழே ஏழு. போத்தலைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். இனி இல்லை. இவையும் போனால், அவள் கையால் வந்தது ஒன்றும் உயிரோடு இருக்காது.

பனி பார்ப்பது அவள் வேலையாக இருந்தது. பொழுதுபட வந்து பழைய சேலைகளால் மூடுவாள். விடிய வந்து எடுப்பாள். இருபது வருடம். அவர் பெற்றோல் நிலையத்து இரவு வேலை முடித்து வந்து படுத்துவிடுவார். கொடியில் தொங்கும் சேலைகள் எப்படி நனைந்தன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கிட்டப் போனார். காலடியில் புல் நொறுங்கியது.

குங்குமச் சிவப்பு. பச்சைக் கரை.

முந்தானை ஓரத்தில் கடலையளவு ஓட்டை. கலியாணத்தன்று ஓமத்திலிருந்து பறந்த பொறி. கைக்கு அகப்பட்ட மஞ்சள் நூலால் தைத்திருந்தாள். சிவப்புச் சேலைக்கு மஞ்சள் தையலா என்று நாற்பத்தைந்து வருடம் கேலி செய்திருக்கிறார்.

கார்த்திகையில் அவள் பெட்டியை மூடும்போது அவர் பார்த்துக்கொண்டு நின்றது அந்தத் தையலைத்தான். சுமங்கலியாகப் போனவள். இந்தக் கூறைச்சேலையை உடுத்தித்தான் எரித்தார்கள்.

சொல்ல வெட்கமென்ன, அவருக்குப் பயமாக இருந்தது.

சேலையில் பனி இல்லை.

மெல்லிய ஆவி பறந்தது.

கன்றுகள் ஒரு சாண் உயரம்தான். சேலை முழங்கால் உயரத்துக்கு எழும்பி இருந்தது. ஒருக்களித்துப் படுத்தால் தோள் வரும் இடத்தில் மேடு. இடுப்பில் சரிவு. கால்மாட்டில் தணிவு.

காற்று இல்லை. காகம் விரட்ட யோகன் கட்டிய பிளாஸ்டிக் பை அசையாமல் தொங்கியது.

சேலை உயர்ந்தது.

தாழ்ந்தது.

உயர்ந்தது.

ஆசுபத்திரியில் அந்தக் கடைசி மாலை, இன்றிரவு இங்கே நின்றால் நல்லது என்றாள் தாதி. கதிரையும் இழுத்துப் போட்டாள். அவருக்கு முதுகு நொந்தது. "விடிய வாறன்" என்று நேசத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அவள் ஓம் என்று கண்ணால் சொன்னாள். அவர் திரும்பிப் போனபோது காலை எட்டரை. கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள்.

மரங்களுக்குப் பின்னால் வானம் வெளுக்கத் தொடங்கியது.

பாத்தியோரம் குந்தினார். முழங்கால் சத்தமிட்டது. கையை நீட்டினார். தொடவில்லை.

"இஞ்ச பாரும்," என்றார். "விடிஞ்சிட்டுது. நான் வந்திட்டன். நீர் எழும்பும்."

சேலை உயர்ந்தது. தாழ்ந்தது.

வாழ்நாளில் அவளிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இனி நான் பாக்கிறன்."

சேலை ஒருமுறை உயர்ந்தது. பிறகு நீளமாகத் தணிந்தது. தணிந்துகொண்டே போய், ஏழு இடங்களில் மட்டும் சின்னதாகத் தூக்கி நின்றது.

ஆவி அடங்கிவிட்டது. மஞ்சள் தையலில் தொடங்கி, சிவப்பின் மேல் வெள்ளை படர்ந்தது.

கொண்டுவந்த நான்கு சேலைகளையும் அவசர அவசரமாக அதன்மேல் விரித்தார். போதாது என்று பட்டது.

கோட்டைக் கழற்றினார்.