எழுதுகிற கை

முதலாம் வகுப்புப் பெஞ்சில் அழகர் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன.

பக்கத்தில் அவன் மனைவி இராக்கம்மா. தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுவரோரம் சாய்த்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கவில்லை. கங்காணி ஒரு மணித்தியாலம்தான் கொடுத்திருந்தார்.

தோட்டப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நடக்கும் முதல் பெற்றோர் கூட்டம். ஸலீம் மாஸ்டர் பதுளைக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சுற்றுநிருபத்தை உரக்க வாசித்தார்.

பிள்ளைக்குத் தினமும் காலையில் ஒரு முட்டை கொடுக்க வேண்டும். படிப்பதற்கென்று சத்தமில்லாத தனி அறை ஒதுக்க வேண்டும்.

“அந்த ரூமையும் பதுளையில இருந்தே அனுப்பிருவாங்களாங்க மாஸ்டர்?” என்றாள் இராக்கம்மா.

லயத்து வீட்டில் ஒரே காம்பராவில் எட்டுப் பேர் படுக்கிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்திருப்பார். கையில் சுற்றுநிருபம் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

மூன்றாவது, பிள்ளை எழுதும்போது தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் அவர் காகிதத்தை மடித்துவிட்டு அழகரைப் பார்த்தார்.

“ஒங்க மக ஜெயலெட்சுமி இடது கையால எழுதுறா. மூணு மாசமா அடிச்சும் பார்த்துட்டேன். இப்படியே போனா ரெண்டாம் வகுப்புக்கு ஏத்த மாட்டேன், அடுத்த வருஷமும் இதே பெஞ்சுதான். வீட்டில பார்க்கிறீங்களா, இல்லையா?”

“பாக்காம என்னங்க மாஸ்டர். லாம்பு பத்தவச்சதும் பக்கத்துலயே குந்திக்கிருவேன். வலது கையில சிலேட்டுக் குச்சிய எடுத்தா கை முட்டியில ஒண்ணு வைப்பேன்.”

“வலது கையில எடுத்தாலா?”

“ஆமாங்க. மொதல்ல அதுக்கு வலது கைதான் ஓடுச்சு. நான்தான் திருத்துனேன்.”

அழகர் இதைப் பெருமையோடுதான் சொன்னான். ஆபீஸ் ஜன்னலில் தனக்கும் மனைவிக்கும் சேர்த்து அவன்தான் ஒப்பம் வைத்துச் சம்பளம் வாங்குகிறான். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் எழுத்து விஷயம் அடியோடு தெரியாதவன் இல்லை.

“கழுவுற கையால சரஸ்வதியத் தொடலாமான்னு அப்பவே கேட்டேன் மாஸ்டர்” என்றாள் இராக்கம்மா. “ஒனக்கு என்னாடி தெரியும்னுட்டாரு இந்த மனுசன்.”

இந்த முறை மாஸ்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாசலில் நின்ற ஜெயலெட்சுமியைக் கூப்பிட்டார். வீட்டில் வலது முட்டியிலும் பள்ளிக்கூடத்தில் இடது முட்டியிலுமாக மூன்று மாதம் அடி வாங்கியவள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தாள்.

மாஸ்டர் சோக்கை அவளுடைய வலது கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு கரும்பலகையில் ஓர் ‘அ’ எழுதினாள். சுழி பிசகாமல், வயிறு நிறைந்த ‘அ’.

“பார்த்தீங்களா?” என்றார் மாஸ்டர். “எழுத்துன்னா வலது கை. உலகம் பூராவும் அப்படித்தான்.”

அழகர் தலையைக் குனிந்துகொண்டான். “தப்புத்தானுங்க மாஸ்டர். இனிமே அந்தக் கையத் தொட மாட்டேன்.”

இரண்டாம் வகுப்பு நிச்சயமாயிற்று. மாஸ்டர் திருப்தியோடு மேசை லாச்சியிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். ஆலோசனைகளை விளங்கிக்கொண்டதாகப் பெற்றோர் எல்லாரும் சுற்றுநிருபத்தின் அடியில் ஒப்பமிட வேண்டும்.

முதல் ஆளாக அழகர் எழுந்தான். விளங்கிக்கொண்டவன் அல்லவா. வலது கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தினான்.

“அந்தக் கை இல்லங்க” என்றார் மாஸ்டர், அடுத்த பெயரைத் தேடிக்கொண்டே. “இடது கை, இடது கை.”

அவரே அதைப் பிடித்திழுத்தார். சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னலில் கிளாக்கர் ஐயா பிடித்திழுக்கிற அதே கையை. பெருவிரலை மையில் புரட்டிக் காகிதத்தில் அழுத்தினார்.

அழகர் ஊதா விரலை அப்படியே நிமிர்த்தி இராக்கம்மாவிடம் காட்டினான். ஆபீஸ் ஜன்னல் பக்கம் ஒருநாளும் போயிராத அவள் அதை வாய் திறந்து பார்த்தாள்.

கரும்பலகையடியில் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜெயலெட்சுமி, ஒருவரும் சொல்லாமலே, சோக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.