கண் மட்டத்தில் ஒரு தகரம்

பாசஞ்சரிலிருந்து இறங்கியதுமே ராஜாக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

டிவிஷன் ஆபீஸில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். ஸ்டேஷன்களில் வண்டி நேரம் எழுதி வைக்கும் பலகைகளுக்கு வரைபடம் போடுவது அவர் வேலை. ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சின்ன ஸ்டேஷனுக்கும் அவர்தான் போட்டிருந்தார். எட்டடி உயரம், மஞ்சளில் கறுப்பு எழுத்து, மூன்று மொழி. மூன்று மாத உழைப்பு.

அதற்கு நேர் கீழே, தூணில், எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய தகரம் ஒன்று தொங்கியது. அதில் கோணல்மாணலாக ஒரு கோட்டைப் படம். அடியில் ஒரு நீலத் துணி முடிச்சு. எதிர்ப் பிளாட்பாரத் தூணில் இன்னொரு தகரம். அதில் ஒரு மலை, உச்சியில் தீபம்.

ஆபீஸுக்கு வந்த மொட்டைக் கடுதாசி சொன்னது அத்தனையும் நிஜம். 'பாயிண்ட்ஸ்மேன் சின்னதம்பி ரயில்வே தூண்களில் கண்ட தகரத்தையும் மாட்டி, ஸ்டேஷனைக் கெடுக்கிறான். அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கவும்.' தேதி 12-3-1979.

சின்னதம்பி மலைக்காரர். வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுவது அவர் வேலை. நாற்பது வயசு இருக்கும். ராஜாக்கண்ணு அவரைக் கூப்பிட்டு, ரிப்போர்ட் எழுதினால் உன் வேலைக்கே உலை வைத்துவிடும் என்று எச்சரித்தார்.

"எழுதுங்க சார். பத்து மணி வண்டி ரெண்டையும் பாத்துட்டு எழுதுங்க, போதும்."

வேலூருக்குப் போகிற பாசஞ்சரும் திருவண்ணாமலைக்குப் போகிற பாசஞ்சரும் இங்கேதான் ஒன்றுக்கொன்று வழி விடும். எது எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்பது நாளுக்கு நாள் மாறும்.

புளிக் கூடைகளோடு மலை ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர்கூடப் பலகைப் பக்கம் திரும்பவில்லை. நேராகத் தகரத்தைப் பார்த்தார்கள். சிலர் அங்கேயே நின்றார்கள், சிலர் தண்டவாளம் தாண்டி எதிர்ப்பக்கம் போனார்கள்.

ஒரு பெண்ணை நிறுத்தினார். பெயர் கெங்கம்மாள்.

"எந்த வண்டிக்கும்மா?"

"வேலூருக்கு சாமி. கோட்டைய இந்தப் பக்கம்தான் மாட்டியிருக்குது. துணி ஒண்ணு கட்டியிருக்குதே, அரை மணி லேட்டு."

வண்டி லேட் என்பது ராஜாக்கண்ணுவுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருடைய பலகை பத்து மணி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

"மேல அவ்ளோ பெரிசா எழுதியிருக்கே, அதைப் பாக்கலியா?"

"எனக்கு எழுத்து தெரியாது சாமி. தெரிஞ்சாலும், தலைமேல கூடைய வெச்சிக்கினு எப்டி அண்ணாந்து பாக்கறது?"

ராஜாக்கண்ணு அண்ணாந்து தன் பலகையைப் பார்த்தார். எழுத்து எத்தனை அங்குலம் இருந்தால் எத்தனை தூரத்துக்குத் தெரியும் என்றெல்லாம் கணக்குப் போட்டவர் அவர். தலையில் சுமையோடு ஓர் ஆள் வருவார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

கெங்கம்மாளே மேற்கொண்டு சொன்னாள். போன ஐப்பசியில் அவள் மகளுக்குப் பிரசவ வலி. டோலி கட்டி மலையிலிருந்து தூக்கி வந்தார்கள். கொட்டுகிற மழையில் இரண்டு வண்டியும் ஒரே மாதிரி நின்றன. கேட்க ஆள் இல்லை. கோட்டை தொங்கிய பக்கம் ஏறிவிட்டார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம், தகரம் மாட்டாத காலத்தில், அவள் ஊர்க்காரர் ஒருவர் உடம்பு முடியாமல் இதே போல வந்து, வண்டி மாறி ஏறி, வழியிலேயே உயிரை விட்டாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னதம்பி அந்தப் பக்கம் வந்தார். அவள் கூடையிலிருந்து ஒரு கை புளியை எடுத்து அவர் துண்டில் போட்டாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வண்டிகள் போனதும் ராஜாக்கண்ணு டேப்பை எடுத்துத் தகரத்தின் உயரத்தை அளந்தார். நாலரை அடி. சரியாகக் கண் மட்டம். நோட்டைப் பிரித்துக் கோட்டை, தீபம், துணி முடிச்சு மூன்றையும் வரைந்துகொண்டார். இந்த லைனில் எல்லா ஸ்டேஷனுக்கும் இப்படியே வைக்கச் சொல்லி எழுதப் போவதாகச் சின்னதம்பியிடம் சொன்னார்.

"உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும். அது சரி, இந்தக் கடுதாசி எழுதினவன் யாருன்னு தெரியுமா? கெடுதல் பண்ண நெனச்சு நல்லது பண்ணிட்டான்."

சின்னதம்பி துண்டிலிருந்த புளியை முடிந்துகொண்டார்.

"நான்தான் சார் எழுதினேன். மலை ஜனத்துக்குப் புரியிற மாதிரி ஒரு போர்டு வையுங்கன்னு நாலு தபா மனு போட்டேன், யாரும் வர்ல. என் மேலயே புகார் போட்டேன், நீங்க வந்துட்டீங்க."