சனிக்கிழமை மாமா

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஆள் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. சத்தம் கேட்கக் கூடாதாம். எங்கள் கட்டடத்தில் கதவுகளுக்கெல்லாம் கண் உண்டு என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

மூன்றாம் மாடிக்காரி குடிவந்து எட்டு மாதம். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போனான் என்று வந்த வாரமே மூக்கைச் சிந்திச் சொல்லியிருந்தாள். இந்த ஆள் யார் என்று கேட்டால் மட்டும், "எங்கண்ணன்" என்பாள், முகத்தைப் பார்க்காமல்.

"தங்கச்சி வீட்டுக்கு வர்றவரு செருப்பை எதுக்குக் கையில தூக்கணும்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நியாயமான கேள்வி. அவள் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் தரும் உதவித்தொகை அலுவலகத்துக்கு யாரோ மொட்டைக் கடிதமே போட்டுவிட்டார்கள். யாரென்று கேட்காதீர்கள்.

அன்றைக்கு அவர் உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் ஆபீசரம்மா வந்து கதவைத் தட்டினார். திறந்த கதவை யாரும் சாத்தவில்லை. நாங்கள் படிக்கட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம்.

"புருஷன் விட்டுப்போன வீட்டுக்குத்தான் பிள்ளைக்குப் பணம். அவர் வீட்டோட இருந்தா, வேலையில்லாம சும்மா இருந்தாலும் சரி, நிறுத்திடுவோம். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

தரையில் படுத்து இடது கையால் பூனை வரைந்துகொண்டிருந்த குழந்தையிடம் குனிந்தார் ஆபீசரம்மா. "இவர் யாரு பாப்பா?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. "மாமா."

"அப்பா எங்க?"

"எங்களை வேணாம்னுட்டு ஓடிட்டாரு." மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்தது.

அந்த ஆள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு, என்பதுபோல் எதிர்வீட்டுக்காரி முழங்கையால் இடித்தாள்.

"அப்ப நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போடுங்க சார். இவங்க புருஷன் இங்க இல்லைன்னு."

பேனாவை இடது கையில் வாங்கினார். ஒரு கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் மனிதருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

ஆபீசரம்மா திருப்தியாக இறங்கிப் போனார். கதவு சாத்தப்பட்டது. கட்டட நலன் கருதி நாங்கள் அதில் காதை வைத்தோம்.

உள்ளே அந்த ஆளின் குரல், உடைந்துபோய்.

"அவங்க போயிட்டாங்க கண்ணு, இப்பவாவது அப்பான்னு கூப்பிடு."