மாமன் கொண்டுவந்த சீர்

மேளம் தெற்கு வீதியிலிருந்து மண்டப வாசலுக்கே வந்துவிட்டது. மேடையில் உட்கார்ந்திருந்த வினோதினி கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டினாள். சீர்த்தட்டில் நகை இருக்கக் கூடாது.

எந்தக் கல்யாணப் பெண்ணும் வேண்டாத வேண்டுதல்.

காடாம்புலியூரிலிருந்து வரும் தாய்மாமன் தட்சிணாமூர்த்திக்கு நகை போட ஒரே ஒரு வழிதான் இருந்தது. லாரி ஓட்டிய காலத்தில் ஊட்டிக்கு மேலே சல்லிசாக வாங்கிப்போட்ட சதுப்பு நிலம். கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும், கேரட்கூட விளையாது. அதைத்தான் இப்போது ஒரு ரிசார்ட்காரர் வாயைப் பிளக்கவைக்கும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கால் வெட்டி, நீரை வடித்துவிட்டு, கட்டடம் எழுப்பப் போகிறாராம்.

சிதம்பரத்தில் தாவரவியல் படிக்கும் வினோதினிக்கு அந்தச் சேறுதான் ஆராய்ச்சி. புல்லும் பாசியும் முழுசாய் மக்காமல் ஆயிரக்கணக்கான வருஷமாய்ப் படிந்த கறுப்புச் சேறு. பெய்கிற மழையையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் கீழே இருக்கும் ஊர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், காய்ந்து பொடியாகிவிடும். அப்புறம் தலைகீழாய் நின்றாலும் திரும்பாது.

மாமாவிடம் அழுது பார்த்தாள். அவர் 'பாக்கலாம்மா' என்று நழுவிவிட்டார்.

அவருக்கும் சேர்த்துப் பேசியவள் அம்மா மங்கலம்தான். நெல்லிக்குப்பத்துச் சம்பந்தி வீட்டார் முன்னால் சீர் குறைந்தால் அண்ணன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று போனில் ஆடித் தீர்த்தாள். பிறந்த வீட்டுப் பெருமை என்று வந்துவிட்டால் மங்கலத்தைப் பேசி ஜெயிக்க ஆள் கிடையாது.

தட்டுகள் உள்ளே வந்தன. பலாப்பழம், முந்திரி, தேங்காய், மஞ்சள், பூ.

கடைசித் தட்டை மாமாவே சுமந்து வந்தார். மேலே பட்டுத்துணி மூடியிருந்தது.

துணியை எடுத்தார்கள்.

ஒரு கைத்தறிச் சேலை, ஒரு ரவிக்கைத் துணி. அவ்வளவுதான்.

சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேலையை உதறிப் பார்க்காததுதான் குறை.

மாமா தலை நிமிராமல் சொன்னார். "நெலத்த விக்கலம்மா. இனிமேயும் விக்க மாட்டேன்னு அந்தாளுகிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன்."

வினோதினிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த மலை பிழைத்துவிட்டது! கல்யாணப் பெண் என்பதையே மறந்து எழுந்தாள். தட்டைப் பிடுங்கி, கபடிக் கோப்பை வாங்கியவளைப் போலத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்தினாள். என்ன ஏதென்று தெரியாமலே மேளக்காரர் வெளுத்து வாங்கினார். மண்டபமே வாய் பிளந்து பார்த்தது.

பிறகுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது.

மங்கலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென மேடையேறி வந்தாள். மாமாவுக்கு இன்றைக்கு மானம் போகப் போகிறது என்று வினோதினி தட்டோடு குறுக்கே போய் நின்றாள்.

மங்கலம் மகளின் கலைந்த முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"கத்தாதடி. நீ அழுதது பொறுக்காம, அட்வான்ஸ் வாங்கக் கெளம்புன அண்ணன போன் போட்டு நிறுத்துனதே நாந்தான். வெறுந்தட்டோட வா, ஊர்ப் பேச்ச நான் வாங்கிக்கிறேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, சம்பந்தியம்மாளை டிபன் சாப்பிடக் கூப்பிடப் போனாள்.